காமிராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

வீடுகளைப் படம் எடுப்பவருக்கு முதல் வேலை படம் எடுப்பதல்ல, ஒதுக்கிவைப்பது. அந்த வீட்டில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதற்கு என்னென்ன சாட்சிகள் உண்டோ அத்தனையையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த வேண்டும். மிக்ஸி வயர், மாத்திரை டப்பா, கொசு பேட், சோபா இடுக்கில் செருகிய கரண்ட் பில், கதவுக்குப் பின்னால் தொங்கும் நைட்டி எல்லாம் கிளம்பிக் காமிராவுக்குப் பின்னால் போய்க் குவியும். படத்தைப் பார்க்கிறவர்கள், அடேயப்பா என்ன சுத்தம் என்று வாயைப் பிளப்பார்கள். எடுத்தவள் மட்டும் பழைய சாமான் கடை ஒன்றுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

பவுன் அப்படி நிற்கத் தொடங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. புனேயில் கட்கிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தார், அப்பாவும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பவுன் மட்டும் பஜாரில் இஸ்மாயில் பாயின் ஸ்டூடியோவுக்குப் போனாள். பாஸ்போர்ட் படங்களில் முகம் துடைக்கிற வேலை. பருவைத் துடைப்பாள், கண்ணுக்குக் கீழ் கருவளையத்தைத் துடைப்பாள், உற்சாகம் வந்துவிட்டால் கேட்காததையும் துடைப்பாள். ஒருமுறை ராணுவ வீரர் ஒருவருடைய கன்னத்து மச்சத்தை அழகுக்காக எடுத்துவிட்டாள். அது அவருடைய அடையாள மச்சம். விண்ணப்பம் திரும்பி வந்தது, அவரும் திரும்பி வந்தார். 

பக்கத்துத் தெருவில் சோபா செய்கிறவர் ஒருவர், ஆன்லைனில் போட ஒரு படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தார். கல்யாண சீசன், எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். பவுன் பழைய காமிராவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டறைக்குள் வெளிச்சம் போதவில்லை. சோபாவைத் தூக்கித் தெருவில் போடச் சொன்னாள். ரிக்‌ஷாக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "பாஞ்ச் மினிட் ருக்கோ, அதுக்குள்ள உசுரா போயிடும்?" என்று இரண்டு மொழியில் அதட்டிவிட்டு எடுத்தாள். சோபா அந்த வாரமே விற்றுப்போனது. அப்புறம் களிமண் விளக்கு செய்கிற பெண் கூப்பிட்டாள், அச்சுத் துணி விற்கிற தம்பதி கூப்பிட்டார்கள், கொத்ரூடில் ஒரு காபிக் கடை கூப்பிட்டது. கடைசியில் வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கிறவர்கள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்று நாற்பத்தொரு வயதில் அவளுக்குச் சொந்தக் காமிரா, முக்காலி ஸ்டாண்டு, ஸ்கூட்டர், கொஞ்சம் பெயர், கொஞ்சம் தலைக்கனம் எல்லாம் உண்டு.

தலைக்கனம் எதிலென்றால், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பதில். மற்றவர்கள் படம் எடுத்துவிட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் ரிமோட்டைத் தேடுவார்கள். பவுன் எதையும் தொடுவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் அதைப் பார்த்துப் பார்த்து, பூ ஜாடி தரையில் எந்த டைலின் கோட்டில் இருந்ததோ அந்தக் கோட்டிலேயே வைப்பாள். "உன் வூட்ல இத பண்ணக் கூடாதா?" என்று அவள் கணவன் முரளி கேட்பான். 

இந்த ஜூலையில், நான்கு நாள் அடித்த மழை விட்ட ஒரு வியாழக்கிழமை, தீபா அவளை ஹிஞ்சேவாடிக்கு அனுப்பினாள். தீபா இளம் டிசைனர். தனியாகத் தொழில் ஆரம்பித்து அவள் செய்த முதல் முழு வீடு அது. வீட்டுக்காரி கனகவல்லி கோயம்புத்தூர்க்காரர், டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா வந்து இரண்டு கண்ணும் அணைந்துவிட்டன. அக்கா மகன் சந்துரு இங்கே ஐடி கம்பெனியில் இருப்பதால் புனேவுக்கு வந்தார். ஆனால் அவன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள மறுத்துவிட்டார். அதே வளாகத்தில் இன்னொரு கட்டடத்தில், ஒன்பதாவது மாடியில், தனியாக இருக்கிறார்.

அந்தத் தனிக்குடித்தனத்துக்காகவே தீபா வீட்டை இழைத்திருந்தாள். மேஜைக்கெல்லாம் உருண்டை ஓரம். ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப்பட்டி ஓடும். பார்ப்பதற்கு அலங்காரம், கைக்கு வழிகாட்டி. சமையலறை ஆரம்பிக்கிற இடத்தில் தரை சொரசொரவென்று மாறும். வெளியே போனால்தான் கனகவல்லிக்குக் குச்சி. உள்ளே வந்தால் அதை மடித்துக் கைப்பையில் போட்டுவிடுவார்.

சந்துரு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்தபோதுதான் பவுனும் போய்ச் சேர்ந்தாள். கனகவல்லி வாசலில் நின்று அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீ என்ன வேணாலும் நகத்திக்க. ஆனா நகத்துனத அந்தந்த எடத்துல வெச்சுரோணும். நான் விழுந்து தொலைச்சேன்னு வெய்யி, இவன் நாளைக்கே என்னைய மூட்டை கட்டி அவன் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அதுக்குத்தான் காத்துட்டிருக்கான்."

"சித்தி, நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றான் சந்துரு.

"நீ வாயத் தொறந்து சொல்லோணுமா?"

"ஒரு இன்ச்சு மாறாதும்மா. என் வேலையே அதுதான்," என்றாள் பவுன். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது. இதையெல்லாம் நம்மிடமா சொல்வது என்று நினைத்தாள்.

அன்று வெளிச்சம் அருமையாக அமைந்தது. மழைக்காலத்து மேகம் வடிகட்டிக் கொடுக்கிற வெளிச்சத்தில் மரச்சாமான்கள் வழுவழுவென்று தெரியும். படுக்கையறையை முடித்துக் கதவைச் சாத்தினாள், சமையலறையை முடித்தாள். ஹாலைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். ஹால் முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் ஒரே ஒரு இடம்தான் சரிப்பட்டது. படுக்கையறையிலிருந்து வரும் நடை ஹாலில் திறக்கிற அந்த முனை. அங்கே சுவரோரமாக ஒரு ஸ்டூல் இருந்தது. ஸ்டாண்டின் மூன்றாவது கால் ஊன்ற இடம் கொடுக்காமல் இடித்தது. பவுன் அதைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டு ஸ்டாண்டை நிறுத்தினாள். பிறகு வழக்கம்போல மொபைலை எடுத்து, எதையும் தொடுவதற்கு முன் எடுக்கிற அந்தப் படத்தை எடுத்தாள்.

இரண்டு மணி வாக்கில் வேலை முடிந்தது. ஸ்டாண்டை மடக்கித் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மொபைலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். சோபா, நாற்காலிகள், விரிப்பு, ஜாடி. இரண்டு முறை சரிபார்த்தாள். கதவை இழுத்துப் பூட்டிவிட்டுச் சாவியை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கட்கிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, டீயை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது மணி ஐந்து. வீட்டுப் படங்களுக்குக் கண்ணாடிதான் பெரிய தலைவலி. டிவி, ஜன்னல், ஷோகேஸ் எல்லாவற்றிலும் படம் எடுக்கிறவளே பூதம் மாதிரி வந்து நிற்பாள். அப்புறம் உட்கார்ந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ள வேண்டும். கனகவல்லி வீட்டு ஹாலில் டிவி அணைந்திருந்தது. அதில் மஞ்சள் குர்த்தாவோடு பவுன் நின்றாள். தலையை அழித்தாள், தோளை அழித்தாள், காமிராவை அழித்தாள். ஸ்டாண்டின் கால்களுக்குப் பின்னால் பழுப்பாக இன்னொன்று கிடந்தது. அதையும் சுற்றி ஒரு கோடு போட்டாகிவிட்டது, ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

கை நின்றது. பெரிதாக்கிப் பார்த்தாள். நடையின் நட்ட நடுவில் ஸ்டூல்.

அவள் மொபைலில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் புரட்டினாள். ஒன்றில்கூட அது இல்லை. எப்படி இருக்கும்? அதைத் தள்ளிவிட்டு அல்லவா படமே எடுத்தாள். பதினான்கு வருடமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஏற்பாட்டில், காமிரா நிற்பதற்காக நகர்த்திய பொருளுக்கு மட்டும் இடமே இல்லை என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. 

கனகவல்லிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் ஓய்ந்தது. தீபாவின் போன் அணைந்திருந்தது, அவள் பெங்களூருக்கு விமானத்தில் இருந்தாள். சந்துருவின் எண் பவுனிடம் கிடையாது. வளாகத்துக் காவலர் எடுத்தார். அந்தம்மா அரை மணி நேரத்துக்கு முன்பே வந்தாகிவிட்டது, பையன் மேலே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்றார். இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, "கோணீ உசலத் நாஹி, மேடம்," என்றார். யாரும் எடுக்கவில்லை. மேலே போய்ப் பார்க்கச் சொன்னதற்கு, கம்பெனி வண்டிகள் வருகிற நேரம், கேட்டை விட முடியாது என்றார்.

பவுன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். முரளி எங்கே என்று கேட்டதும், "வந்து சொல்றேன்" என்றதும் படிக்கட்டில்.

கட்கியிலிருந்து ஹிஞ்சேவாடிக்குச் சாயங்காலம் ஐந்தரைக்குப் போகிறவர்களை ஊரே பரிதாபமாகப் பார்க்கும். ஔந்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. வாகட் பாலத்தடியில் பத்து நிமிடம் ஓர் அங்குலம் நகரவில்லை. பவுன் ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றினாள், திட்டு வாங்கினாள், வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தாள். மனதுக்குள் ஓடியதெல்லாம் ஒரே காட்சி. ஒரு பெண்மணி தன் சொந்த வீட்டில், தைரியமாக, குச்சியில்லாமல் நடந்து வருகிறார். முருகா, விழாமல் இருக்க வேண்டும். அடிபட்டாலும் எலும்பு முறியாமல் இருக்க வேண்டும். அந்தம்மாவைச் சந்துரு மூட்டை கட்டினால் அந்த மூட்டைக்குக் கயிறு கொடுத்தவள் நான்தான்.

ஒன்பதாவது மாடியில் மணியை விடாமல் அடித்தாள். சத்தமில்லை. கதவைத் தட்டினாள். அப்புறம் எங்கோ உள்ளேயிருந்து, யாரென்று கேட்கும் கோபமான ஒரு குரல்.

"கோன் ஹை?"

 உயிரோடு இருக்கிறார், நினைவோடு இருக்கிறார், கோபமாக இருக்கிறார். பவுனுக்கு அந்தக் கோபம்தான் அமிர்தமாக இருந்தது.

"நான்தாம்மா, பவுனு! போட்டோ எடுத்தவ! அடிபட்டுச்சாம்மா?"

"ஓ, நீயா! உன்னையத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல வஞ்சுட்டிருக்கேன். மொழங்காலு வீங்கிப் போச்சு. எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகல. இந்தப் பாழாப்போன ஸ்டூலு மேலயேதான் உக்காந்திருக்கேன்."

கனகவல்லி கத்திச் சொன்னதைக் கேட்டபோது நடந்தது புரிந்தது. சந்துரு போனில் ஆபீஸ் பேச்சுப் பேசிக்கொண்டே அவரைக் கையைப் பிடித்துப் படுக்கையறைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறான். வழியில் ஸ்டூலைப் பார்த்து, கண் உள்ளவன் செய்கிறபடி, ஒதுங்கிச் சுற்றிப் போயிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையை டைனிங் டேபிளில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். குச்சியும் போனும் அதற்குள். கனகவல்லி முகம் கழுவிக்கொண்டு டீ போடலாம் என்று வேகமாக நடந்து வந்தார், மோதினார்.

"போன் அடிச்சேனே அம்மா, எடுக்கலியே."

"எப்படி எடுக்கறது? ஒண்ண மாத்தி வெச்சவ வேற எதையெல்லாம் மாத்தி வெச்சயோ! ஹாலுக்குள்ள கால் வெக்கவே பயமா இருக்குது." குரல் சட்டென்று இறங்கியது. "என்ற ஊட்லயே எனக்குப் பயமாப் போச்சு, அம்மிணி."

திட்டியதெல்லாம் பவுனுக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"தம்பி நம்பர் சொல்லுங்கம்மா. அவருகிட்ட சாவி இருக்கும். வரச் சொல்றேன்."

"வேண்டாம்!" மறு நொடியே பதில் வந்தது. "அவன் வந்து கதவத் தொறந்து, நான் இப்படி ஸ்டூலு மேல குந்தியிருக்கறதப் பாத்தானா, அதோட முடிஞ்சுது. நீ சொல்லு. மத்ததெல்லாம் அந்தந்த எடத்துல இருக்குதா இல்லியா?"

காலையில் கேட்டிருந்தால் பவுன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பாள். இப்போது வாய் வரவில்லை. ஒன்றில் தவறியவள் இன்னொன்றிலும் தவறியிருக்கலாம். அந்தம்மா அவள் பேச்சை நம்பி எழுந்து, நாற்காலிக் காலில் தடுக்கினால்?

"சத்தியம் பண்ண மாட்டேம்மா," என்றாள். "ஆனா எங்கிட்ட காலையில எடுத்த படம் இருக்குது. ஒண்ணொண்ணா பாத்து சொல்லிக்கினே வரேன். நீங்க தொட்டுப் பாத்து இருக்குதுன்னு சொன்னப்புறம்தான் அடுத்தது சொல்லுவேன். அவசரமே வேணாம்."

 உள்ளே ஸ்டூல் தரையில் உராய்கிற ஓசை கேட்டது. "சரி, எந்திரிச்சுட்டேன். சொல்லு."

பவுன் கதவுக்கு வெளியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மொபைல் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நடை முடியற எடத்துல வலது கைப் பக்கம் மரப்பட்டி."

"இருக்குது."

"பட்டிய புடிச்சிக்கினே வந்தா டேபிளு. நம்ம பக்கம் ரெண்டு நாற்காலி, உள்ள தள்ளி வெச்சிருக்கேன்."

"ஒண்ணு... ரெண்டு. இருக்குது. என்ற பை இங்க கெடக்குது. குச்சிய எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்கம்மா."

பையின் ஜிப் திறந்து மூடுகிற ஓசை கேட்டது. "வேண்டாம். நீ மேல சொல்லு."

"டேபிளுக்கு அந்தப் பக்கம் சோபா கையி. கீழ விரிப்பு ஆரம்பிக்கும்." விரிப்பைப் பவுன் முழுவதும் சுருட்டி எடுத்து, மறுபடி போட்டவள். ஓரம் ஒன்று மடங்கிக்கொண்டது நினைவிருந்தது. அதைக் காலால் அமுக்கினாளா, அமுக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? "அம்மா, விரிப்பு ஓரத்துல மட்டும் கால மெதுவா வெச்சுப் பாருங்க. மடங்கியிருந்தாலும் இருக்கும்."

உள்ளே கால் தேய்கிற ஓசை மட்டும் கேட்டது. லிப்ட் வந்து நின்று மூடிக்கொண்டது. 

"தட்டையாத்தான் கெடக்குது," என்றது குரல், இப்போது மிக அருகில். "ஜாடியும் அதும்பட எடத்துலதான் இருக்குது. நீ சொல்ல வேண்டாம், இனி நானே வாறேன்."

நான்கு அடி. ஐந்து அடி. பூட்டின் குமிழ் திரும்புகிற சத்தம். கதவு திறந்தது. கனகவல்லி முழங்காலுக்கு மேல் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறும் கையோடு நின்றார்.

பவுன் அழுதுவிட்டாள். பெரிய அழுகை, மூக்கெல்லாம் ஒழுகியது. வழி நெடுக அடைத்து வைத்திருந்த பயம் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து, நெஞ்சு லேசாகிப்போனது. எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்த இடத்திலேயே, "மன்னிச்சுக்கங்கம்மா, மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள்.

"எதுக்குக் கீழ உக்காந்துட்டு அழுவற? எந்திரி. மொதல்ல போயி அந்த ஸ்டூல அதும்பட எடத்துல வெய்யி. அப்பறம் வந்து எவ்வளவு வேணாலும் அழுதுக்க."

பவுன் ஓடிப்போய் ஸ்டூலை நடை முனைக்குக் கொண்டுவந்தாள். சுவரில் அது எப்போதும் உரசுகிற இடத்தில் ஒரு கீறல் இருந்தது. கீறலுக்கு நேராக வைத்தாள். கனகவல்லி பின்னாலேயே வந்து, குனிந்து, ஸ்டூலையும் சுவரையும் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்குது," என்றார்.

அப்போது கைப்பைக்குள் போன் அடித்தது. இந்த முறை அவர் நேராக மேஜைக்குப் போய் எடுத்தார். சந்துருதான். வளாகத்துக் காவலர் இன்டர்காம் எடுக்கவில்லை என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதற்றமாக ஏதோ கேட்பது பவுனுக்கே கேட்டது.

கனகவல்லி வீங்கிய முழங்காலைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீடா சாமி. குளிச்சுட்டிருந்தேன். போட்டோ புடிக்கற அம்மிணி வந்திருக்குது, டீ போடப் போறேன். நீ உன்ற சோலியப் பாரு."

போனை வைத்தார். பவுன் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, "சக்கரை எத்தனை?" என்று கேட்டார்.

"ரெண்டு," என்றாள் பவுன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கனகவல்லி மரப்பட்டியைத் தொடவில்லை. காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து, ஆனால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சமையலறைக்கு நடந்து போனார்.